நாலாம் நம்பர், தெற்கு வாசல்

…ஒரு வார்த்தைகூடப் பொய் இருக்காது, நடந்ததை நடந்தபடிதான் சொல்லப்போகிறேன், கற்பூரத்தை அணைத்தே சத்தியம் செய்திருப்பேன், வீட்டில் கற்பூரம் தீர்ந்துவிட்டது, அதனால் காலடியில் புகைந்துகொண்டிருக்கும் இந்தக் கொசுவத்தியின் மேல் கை வைத்துச் சொல்கிறேன், சத்தியத்துக்கு நெருப்புதானே முக்கியம், அது எதில் எரிந்தால் என்ன… செல்வாவிடமும் காலையில் போனில் இப்படித்தான் சத்தியம் செய்தேன். இந்த வீட்டை விற்கிற வேலையெல்லாம் அவன்தான் பார்க்கிறான். அங்கிள், மத்தியானத்துக்கு மேல ஒரு ஜோடி வீடு பார்க்க வர்றாங்க, சாவி உங்ககிட்டதான இருக்கு, தொறந்து காட்டுங்க, ஆனா தயவுசெஞ்சு கதை மட்டும் சொல்லாதீங்க லா, போன தடவை வந்தவங்க காரைவிட்டு இறங்கின வேகத்துல ஏறிட்டாங்க என்றான். நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? வாசலுக்கு முன்னால் ஓடுகிற சாக்கடையில், அந்த லோங்காங்கில் குடியிருக்கும் மலைப்பாம்பைப் பற்றிச் சொன்னேன், அதுவும் நல்லவிதமாகத்தான் சொன்னேன், அது எலியெல்லாம் பிடிக்கும், தெருவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கடக்கும் என்று… ஒழுக்கமான பாம்பு. எங்கள் பெர்மாஸ் ஜெயாவில் மனிதர்களே அப்படிக் கடப்பதில்லை.

கார் போர்ச்சில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், மடியில் சாவிக்கொத்து, அதில் பாதிச் சாவிகளுக்கு எந்தப் பூட்டென்று எனக்கே மறந்துவிட்டது… அவர்கள் வாங்கிவிட்டால் நான் கூலாய்க்குப் போக வேண்டும், என் மகள் பிரவீனாவின் அடுக்குமாடி வீட்டுக்கு. லிஃப்டில் பதின்மூன்று ஏ என்று பொத்தான் இருக்கும், பதினாலு என்று எழுதக் கட்டினவனுக்குப் பயம். நல்ல பெண் பிரவீனா, எனக்கென்று ஓர் அறையைக் காலிசெய்து வைத்திருக்கிறாள், அறையில் ஜன்னல் இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு ஜன்னல் இருக்கிறது. ஆனால் ஏறிப் பார்க்க ஒரு கூரை உண்டா அங்கே, குச்சியால் குத்திவிட ஒரு லோங்காங் உண்டா, ஒழுகாத வீட்டில் ஓர் ஆண்பிள்ளை காலையில் எழுந்து என்னதான் செய்வான்? விஷயம் அவ்வளவுதான். வாங்கினால் நான் போக வேண்டும், வாங்காவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் இந்த நாற்காலியில் இருக்கலாம்… செல்வாவுக்குச் செய்த சத்தியம்? அதுவும் கொசுவத்தியின் மேல் செய்ததுதான், அணைந்தால் தீர்ந்தது.

வீடு வாங்குவதைப் பற்றி என்னைக் கேட்டால் ஒன்று சொல்வேன், இரண்டு பயங்களுக்கு நடுவில் வாங்க வேண்டும். இந்த வீடு நாலாம் நம்பர். சீனர்கள் நாலைத் தொடமாட்டார்கள், சாவு என்று காதில் விழுகிற எண் அவர்களுக்கு. வாசல் தெற்கே பார்த்தது. நம் ஆட்கள் தெற்கைத் தொடமாட்டார்கள், எமன் வருகிற பக்கம் நமக்கு. தெருவில் மற்ற எல்லா வீட்டிலும் விளக்கெரிந்தபோது இது மட்டும் யாரும் கட்டிக்கொள்ளாத பெண் மாதிரி இருட்டில் நின்றது… சீனர் எமனைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை, நமக்கு நாலைப் பற்றிக் கவலையில்லை, இரண்டு பயமும் சேர்ந்து விலையைக் கீழே தள்ளித் தள்ளித் தரையில் போட்டிருந்தன, நான் குனிந்து எடுத்துக்கொண்டேன். அப்படித்தான் வாங்கினேன். என் மனைவி தனலெட்சுமி பால் காய்ச்ச வந்த அன்று ஏஜண்டு ஒரு அன்னாசிப்பழத்தோடு வந்தான், பெக்கான் நானாஸ் ஊர்ப் பழம், புது வீட்டுக்குள் அதை உருட்டிவிட்டால் அதிர்ஷ்டமும் கூடவே உருண்டு வரும், அது அவர்கள் வழக்கம். வாசலில் வைத்து உருட்டினான். அது உருண்டது, ஹாலைக் கடந்தது, திரும்பியது, சமையலறையில் அடுப்பு வைக்கிற மூலைக்குப் போய் நின்றது. பார்த்தீங்களா, அக்கினி மூலை, பழத்துக்கே தெரிஞ்சிருக்கு என்றாள் தனலெட்சுமி. எனக்குத் தெரிந்தது வேறு, தரை அந்தப் பக்கம் சரிந்திருக்கிறது. அன்றிலிருந்து யார் வீடு வாங்கப் போனாலும் கையில் ஓர் அன்னாசியைக் கொடுத்து அனுப்புகிறேன், ரசமட்டக் கோலெல்லாம் எதற்கு, உருட்டிப் பார், நிற்காமல் ஓடினால் நீயும் ஓடிவிடு… அவள் சிரிப்பாள். சொல்றதெல்லாம் பொய்யி, ஆனா கேட்டா பிரயோசனமா இருக்குங்க உங்க பொய்யி என்பாள். அவள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. ஹாலில் இன்றைக்கும் எலுமிச்சம்பழம் கைதவறினால் நேரே அடுப்படிக்குத்தான் போகிறது, எடுக்கத்தான் ஆளில்லை.

மோட்டார் சைக்கிள் சத்தம். வந்துவிட்டார்கள். இறங்கும்போதே பையன் கொட்டாவி விடுகிறான், பெயர் ரூபேந்திரனாம், சிங்கப்பூரில் வேலை, விடிவதற்கு முன்னால் பாலத்தைக் கடக்கிற ஆயிரக்கணக்கான ஹெல்மெட்களில் ஒரு ஹெல்மெட். மனைவி கஸ்தூரி, பாசிர் கூடாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவள் கொட்டாவி விடவில்லை, இறங்கியதும் கூரையைப் பார்த்தாள், பிறகு கூரையின் ஓரத்தை, பிறகு ஓரத்திலிருந்து தண்ணீர் வடிகிற குழாயை… அலமாக், இந்தப் பெண் வாங்க வந்தவள், வேடிக்கை பார்க்க வந்தவள் இல்லை, என்று அப்போதே எனக்குள் ஒரு மணி அடித்தது. உடனே ஆரம்பித்துவிட்டேன். வாசல் நிலையைத் தட்டினேன், தம்பி, வீடு பார்க்கும்போது நிலையோட கால்மாட்டுல தட்டிப் பாக்கணும், டொக்டொக்குனா மரம், தொப்புதொப்புனா கரையான், இந்த வீட்டுல ஒரு தடவை கரையான் கதவை முழுசா தின்னுட்டு பெயிண்டை மட்டும் விட்டுட்டுப் போயிருச்சு, ஒரு வருசம் வெறும் பெயிண்டைத் தொறந்து மூடிக்கிட்டு இருந்தோம், காத்தடிச்சா மட்டும் கொஞ்சம் சுருங்கும். ரூபேந்திரன் என்னையும் கதவையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். கதவை மெல்லத் தொட்டான். இது புதுசு தம்பி, இதுல மரம் இருக்கு, என்றேன்.

தண்ணீர்த் தொட்டியைப் பற்றியும் சொன்னேன், காலை ஏழு மணிக்கு வந்து குழாயைத் திறந்து பார்க்க வேண்டும், எல்லோரும் குளிக்கிற நேரத்தில் வருகிற தண்ணீர்தான் உண்மையான தண்ணீர், எங்கள் தொட்டியில் ஒரு கெளுத்தி இருந்தது, குழாய் வழியாகக் குஞ்சாக வந்தது, உள்ளேயே வளர்ந்து பெரிசாகிவிட்டது, அது குழாய் வாயில் வந்து படுத்துக்கொண்டால் தண்ணீர் நின்றுவிடும், தனலெட்சுமி கீழேயிருந்து ஒரு கரண்டியால் குழாயைத் தட்டுவாள், அது நகர்ந்துகொள்ளும்… மூன்று தட்டு தட்டினால் வெந்நீரும் வருமா அங்கிள் என்று கேட்டாள் கஸ்தூரி, முகத்தில் ஓர் அசைவில்லை. என் வீட்டில் என்னிடமே… இந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்டவள் ஒருத்திதான் இருந்தாள். வெந்நீருக்கு அது ஒத்துக்கல, என்றேன்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஜெய்னுலாபுதீன் பாய் வெளியே வந்தார், கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், அவருடைய நாசி கண்டார் சோற்றுக்கடைக்கு மாலையில்தான் கூட்டம். ஐயாசாமிண்ணே, கெளுத்தி கதை ஆயிருச்சா, இல்ல இன்னும் கரையான்லயே நிக்கிறீங்களா என்றார் வேலிக்கு மேலே தலையை நீட்டி. பாய், உங்க டிவி ரிமோட்டு கதையை நீங்களே சொல்லுங்க என்றேன். ஆமா தம்பி, என்றார் பாய் பையனிடம் பயபக்தியாக, நான் எங்க வீட்டுல சானல் மாத்தினா இவங்க வாசல்ல இருக்குற ஆட்டோ கேட்டு தானா தொறந்துக்கும், கால்பந்து இருக்குற ராத்திரி இவங்க வீடு பஸ் ஸ்டாண்டு மாதிரி தொறந்து தொறந்து மூடும். இரண்டு பேருமே இப்படியா என்றான் ரூபேந்திரன். தெருவே இப்படித்தான், என்று சொல்லிவிட்டு பாய் காரில் ஏறிப் போய்விட்டார். நல்ல மனிதர். மழைக்காலத்தில் எங்கள் கூரை ஒழுகிய நாட்களில் அவர்தான் முதல் ரசிகர்… தனலெட்சுமி ஒவ்வொரு ஒழுகலுக்குக் கீழும் ஒரு பாத்திரம் வைப்பாள், எவர்சில்வர் சொம்பு, அலுமினியச் சட்டி, பீங்கான் கோப்பை, அலுமினியத்தின் சத்தம் பிடிக்கவில்லையென்றால் நகர்த்தி வைத்துப் பார்ப்பாள், கடைசியில் அது ஒரு பாட்டு மாதிரி வந்துவிடும், பாய் தன் வீட்டு டிவியை நிறுத்திவிட்டுச் சுவரில் காதை வைத்துக் கேட்பார், அடுத்த மழைக்கு இந்த ராகமே இருக்கட்டும்மா என்று சொல்லியனுப்புவார். நான் ஒருநாள் மேலே ஏறி உடைந்த ஓட்டை மாற்றிவிட்டேன். ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. வீட்டைப் பராமரிப்பது என்பது இதுதான், எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது யாருக்கும் தெரியும், எதைச் சரிசெய்யாமல் விட வேண்டும் என்பதுதான்… என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்?

ஆட்டோ கேட். ஆமாம். ரூபேந்திரன் ஆட்டோ கேட்டின் மோட்டார்ப் பெட்டி மேல் சாய்ந்து நின்றுகொண்டு போனை எடுத்தான். அங்கிள், எல்லாம் ஓகே, எங்கம்மாவுக்கு ஒண்ணுதான், தெற்கு மட்டும் வேணாம்னு சொல்லிட்டாங்க, அது இருந்தா நான் அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு. போனில் திசைகாட்டியைத் திறந்து, வாசலுக்கு நேராகத் தெருப் பக்கம் நீட்டிப் பிடித்தான். எனக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது பாருங்கள்… தெற்கு! இதை எப்படி மறந்தேன்? இத்தனை நேரம் கெளுத்தியையும் கரையானையும் வரவழைத்துக் கஷ்டப்பட்டேனே, வாயைத் திறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதாதா, வீடு தானே அவர்களை அனுப்பிவைத்திருக்குமே. எமனுக்கு நன்றி சொல்லிக்கொண்டேன். போனைப் பார்த்தான் அவன். கிழக்கு! என்றான். கஸ்தூரி, கிழக்குப் பார்த்த வீடு!

மோட்டார்ப் பெட்டிக்குள் காந்தம் இருக்கிறது, அவன் அதன் மேலேயே சாய்ந்து நிற்கிறான், எந்த முள்ளுக்கும் அங்கே கிறுக்குத்தான் பிடிக்கும்… திசை பார்க்க வேண்டுமானால் இரும்பை விட்டு விலகித் தெருவில் நின்று பார்க்க வேண்டும், வீடு வாங்குகிறவர்களுக்கு நான் சொல்கிற முக்கியமான யோசனைகளில் ஒன்று. சொன்னேன். தம்பி, அது கிழக்கு இல்ல, தெற்கு. என் வாழ்க்கையில் உண்மையால் ஒரு லாபம் வருகிற முதல் சந்தர்ப்பம், அதனால் மெதுவாக, தெளிவாகச் சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான். வாய் விரிந்தது. விழுந்து விழுந்து சிரித்தான். அங்கிள்… கரையான் பெயிண்டை விட்டுட்டுப் போச்சு… கெளுத்தி தண்ணியை அடைச்சுச்சு… இப்ப கிழக்கு தெற்கா ஆயிருச்சு! தம்பி, சத்தியமா, தெருவுல வந்து நின்னு பாருங்க என்றேன். சத்தியம் வேற பண்றாரு கஸ்தூரி! உங்களுக்கு வீட்டை விட மனசில்லன்னு தெரியுது அங்கிள், அதுக்காக சூரியனையே நகர்த்துறீங்களே, போன் பொய் சொல்லுமா? திரையைப் படம் பிடித்தான், அம்மாவுக்கு அனுப்பினான், அம்மா உடனே அழைத்துவிட்டார், அவன் ஆமாம்மா, கிழக்குதாம்மா, நாலாம் நம்பரும்மா, நமக்கென்னம்மா அது என்று பேசிக்கொண்டே போர்ச்சில் நடக்க ஆரம்பித்தான். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருடப் பொய்யில் ஒன்றுக்காவது யாராவது இப்படிச் சிரித்திருக்கிறார்களா?

கஸ்தூரி உள்ளே போயிருந்தாள். சமையலறைக்கு. பின்னாலேயே போனேன், பாய் இல்லை, பையன் போனில், இவளையாவது தெருவுக்கு அழைத்துப் போய்ச் சூரியனைக் காட்டிவிட வேண்டும் என்றுதான் போனேன்… அவள் பின்சுவரில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். காய்ச்சலா என்று குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. அங்கிள், நீங்க சொன்னது நெசந்தான? என்றாள் திரும்பாமல். எது, கெளுத்தியா? தெற்கு, என்றாள். கிழக்குப் பார்த்த வீடுன்னா நாலு மணிக்கு பின்சுவரு கொதிக்கணும். எங்க மாமியார் பிளாட்ல அடுப்படி மேற்க, இந்நேரத்துக்குச் சுவத்துலயே தோசை ஊத்தலாம். இது சில்லுன்னு இருக்கு. எனக்கு வேண்டியது இதுதானே, என் சார்பில் ஒரு சாட்சி, அதுவும் அவன் பெண்டாட்டியே… ஆமாம்மா, தெற்குதான், அவர்கிட்ட நீயே சொல்லு, நான் சொன்னா சிரிக்கிறாரு என்றேன். அவள் கையை எடுக்கவில்லை. சொல்லிடாதீங்க அங்கிள், என்றாள்.

குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள், வெளியே அவன் இன்னும் அம்மாவோடுதான் பேசிக்கொண்டிருந்தான். கிழக்குப் பாத்த வீடெல்லாம் எங்க கைக்கு எட்டாது அங்கிள், ஏழு பேரு ஒரே பிளாட்ல இருக்கோம், நான் ஷிப்டு முடிஞ்சு வந்தா படுக்குறதுக்கு ஒருத்தர் எழுந்திரிக்கணும். சீனவங்க நாலுக்குப் பயந்தாங்க, நம்மாளுங்க தெற்குக்குப் பயந்தாங்க, அதனாலதான இது இன்னும் இங்க நிக்குது? நான் பயப்படல, என்றாள். உங்க அத்தை கண்டுபிடிச்சா? என்றேன். அவங்களுக்குத் திசை தெரியாது, போன்தான் தெரியும், என்றாள், குடிவந்தப்புறம் நானே சொல்லிக்கிறேன். பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள், இத்தனை வருசம் இருந்து பாத்தீங்க, தெற்கு உங்கள என்னா செஞ்சுச்சு?

என்ன செய்தது? யாரும் என்னை இதைக் கேட்டதில்லை… தனலெட்சுமி போனது ஆஸ்பத்திரியில், அங்கே கட்டில் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று யாருக்குத் தெரியும், தெற்கின் மேல் பழி போட முடியாது. வருடக் கடைசி ஞாபகம் வருகிறது, விடாத மழை, தெருவில் எல்லார் வீட்டுத் துணியும் ஈர வாடை அடித்துக்கொண்டு கிடக்கும், நடுவில் ஒரு மணி நேரம் மேகம் விலகினால் எங்கள் போர்ச்சுக்குள் மட்டும் வெயில் வரும், அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், அவள் ஓடுவாள், துணியையும் வடகத்தையும் மிளகாயையும் ஒரே நேரத்தில் தூக்கிக்கொண்டு, என் சட்டையை உதறிப் போடும்போது அவள் கையில் விழுந்த அந்த வெயில்… இங்கே ஒரு பெரிய கதை சொல்லியிருக்கலாம், எமன் வாசலில் வந்து நின்று வழி கேட்டான் என்று, தயாராகவே இருந்தது. டிசம்பர்ல வெயில் போர்ச்சுக்குள்ள வரும்மா, துணி காயும், என்றேன். அவ்வளவுதான் வந்தது வாயில். அப்புறம் நிறுத்த முடியவில்லை, அக்டோபரிலேயே கூரை ஓரத்துத் தகரத்தில் அடைந்திருக்கும் இலையை எடுத்துவிடு, மழை வந்தபிறகு ஏணி போடாதே, பின்குழாயின் வாஷர் வருடத்துக்கு ஒருமுறை போகும், போர்ச் மூலையில் ஒரு டைல் ஆடும், அதைப் பெயர்க்காதே, கீழே தண்ணீர்க் குழாய் போகிறது, மழைக்காலத்தில் பெயிண்ட் அடிக்கச் சொல்லுகிறவனை வீட்டுக்குள் விடாதே… அவள் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாள், ஒன்றுக்குக்கூடச் சிரிக்கவில்லை. யார் சொல்லச் சொன்னார்கள் என்னை?

என்னா அங்கிள், கஸ்தூரியையும் பயமுறுத்தியாச்சா? ரூபேந்திரன் வாசலில் நின்றான், போனைப் பையில் போட்டபடி, முகமெல்லாம் பல். அம்மா சரின்னுட்டாங்க. கஸ்தூரி என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். அவன் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துப் போக எனக்கு இன்னும் பத்தடிதான்… கிழக்குதான் தம்பி, என்றேன், சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். தெரியும் லா அங்கிள், என்று என் தோளில் தட்டினான், பாவம். கஸ்தூரி கிளம்பும்போது, நீங்க வாங்கின ராசி அங்கிள், எங்களுக்கும் நல்லாவே இருக்கும் என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டினாள். மோட்டார் சத்தம் தெருமுனை வரை கேட்டது. எத்தனையோ பேரிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறேன், எல்லாம் சொன்ன கையோடு லேசாகிவிடும், இந்த ஒரு வார்த்தை மட்டும் ஏன் இன்னும் கனக்கிறது, அவளுக்காகச் சொன்னேனா, வீட்டுக்காகச் சொன்னேனா, சுவரைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்த ஒருத்தியிடம் அதை விட்டுப்போகலாம் என்று எனக்கே ஒரு ஆசை வந்துவிட்டதா… விட்டுப்போக நான் யார்? இந்த நாலாம் நம்பர் வீட்டை வாங்கியவர் செல்வாவின் அப்பா ஜெயபாலன், நான் முப்பது வருடமாக இதில் வாடகைக்கு இருப்பவன், என் ஆயுளில் நான் எந்த வீட்டையும் வாங்கியதில்லை.